சூடுக்கு ஒரு கேஸ் அளவு, குளிருக்கு ஒரு அளவா? (ஹாட் அண்ட் கோல்ட் ஏசி, கேத்தி)

கேத்தி_காளான் | டிசம்பர் 9, இரவு 10:12

வணக்கம். ஊட்டி பக்கம் கேத்தியில் சின்னதாக ஒரு மொட்டுக் காளான் கொட்டகை வைத்திருக்கிறேன். வித்து பரவும் இரண்டு வாரமும் அறை 23, 24 டிகிரியில் இருக்க வேண்டும். மொட்டு விடும் சமயத்தில் 16, 17 போதும். அதனால் டிசம்பர், ஜனவரியில் சூடு வேண்டும். ஏப்ரல், மே வந்தால் குளிர் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை டன் ஹாட் அண்ட் கோல்ட் இன்வெர்ட்டர் ஏசி ஒன்று போட்டேன். ஆர்-32 கேஸ்.

போன ஜனவரியில் உறைபனி விழுந்த வாரத்தில் சூடு பத்தவில்லை. கீழேயிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். சூடு ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டினார். 290 பிஎஸ்ஐ காட்டியது. "120, 130தான் இருக்கணும், கேஸ் ஓவர்" என்று சொல்லி ஷ்ஷ் என்று கொஞ்சம் திறந்துவிட்டுப் போனார். சூடு இன்னும் குறைந்தது. வேறு வழியில்லாமல் ரூம் ஹீட்டர் வைத்துத் தள்ளினேன்.

ஏப்ரலில் குளிருக்கு மாற்றினால் இன்டோர் காயிலில் ஒரு ஓரமாக ஐஸ் கட்டுகிறது, அறை 20க்குக் கீழே இறங்கவே இல்லை. கேசிங் (மேல்மண்) போட்டிருந்த எண்பது பை வீண். வேறொருவர் வந்து "கேஸ் கம்மி" என்று நிரப்பினார். குளிர் வந்தது. இப்போது டிசம்பர். சூடு வருகிறது, ஆனால் கம்ப்ரசர் பக்கம் குடம் கவிழ்ந்தாற்போல ஒரு சத்தம். டிஃப்ராஸ்ட் (அவுட்டோரில் படிந்த பனியை மிஷினே உருக்குவது) முடிந்ததும் அது இன்னும் அதிகம்.

என் கேள்வி இதுதான். ஒருவர் ஓவர் என்கிறார், ஒருவர் கம்மி என்கிறார். சூடுக்கு ஒரு அளவு, குளிருக்கு ஒரு அளவு என்று உண்மையிலேயே இருக்கிறதா? ஸ்வெட்டர் மாதிரி சீசனுக்கு சீசன் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா?

பீளமேடு_கூலிங் | டிசம்பர் 9, இரவு 10:40

மேடம், சிம்பிள். ஆர்-32க்கு லோ சைடு, அதாவது கம்ப்ரசர் உறிஞ்சும் பக்கம், 120லிருந்து 140 வரை வைத்தால் போதும். வருடக்கணக்கில் அப்படித்தான் செய்கிறோம், ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது. மலையில் காற்று அழுத்தம் கம்மி, அதனால் கேஜ் தப்பாகக் காட்டியிருக்கும்.

அருவங்காடு_ஏசி | டிசம்பர் 10, காலை 6:55

அக்கா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: மாற்ற வேண்டாம். கேஸ் ஒரே அளவுதான், ஒரு தடவை எடை போட்டு அடைத்தால் முடிந்தது. மோடுக்கு மோடு மாறுவது அந்த கேஸ் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது.

ஜனவரியில் நடந்தது எனக்குப் புரிகிறது, கேட்க வயிறு எரிகிறது. ஸ்பிளிட்டில் கேஜ் மாட்டும் அந்த ஒரே போர்ட் பெரிய பைப்பில் இருக்கிறது. குளிர் மோடில் அது கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் பைப், அதனால் 120, 130. சூடு மோடில் கேஸ் ஓடும் திசையை மாற்றும் ஃபோர் வே வால்வு திரும்பியதும் அதே பைப்பில் கம்ப்ரசர் தள்ளும் சூடான கேஸ் போகிறது. அங்கே 290 என்பது ஓவரே கிடையாது. ஆர்-32 அழுத்தம்-வெப்பநிலை சார்ட்டைப் பாருங்கள், 290க்கு நேரே 33 டிகிரி வாக்கில் இருக்கும். இன்டோர் காயிலே 33 டிகிரி என்றால் அதிலிருந்து வரும் காற்று எப்படி இருக்கும்? நல்ல கேஸ் அளவில் ஓடும் மிஷின் அந்த இடத்தில் 350, 380 காட்ட வேண்டும். அதாவது அன்றைக்கே கேஸ் கம்மி. கம்மியாக இருந்ததிலிருந்து இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டிருக்கிறார்.

பீளமேடு தம்பிக்கு: ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் 11 பிஎஸ்ஐ சொச்சம், கடல் மட்டத்தில் 14.7. கேஜில் வரும் வித்தியாசம் மூன்றரை பிஎஸ்ஐ. ஆர்-32க்கு அது ஒரு டிகிரிகூட வராது. 290க்கும் 130க்கும் நடுவில் இருப்பதை மலை தலையில் கட்ட முடியாது.

மலையால் நிஜமாகவே குழம்புகிற இடம் வேறு. கேஸ் அடைக்கும் முன் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வேக்குவம் போடும்போது கேஜ் ஊசி ஊட்டியில் 23 இஞ்ச்சோடு நின்றுவிடும், குன்னூரில் 24. கீழேயிருந்து வருகிறவர்கள் 30 வரவில்லையே, லீக்கோ, பம்ப் போச்சோ என்று அரை நாள் தேடுவார்கள். மேலே இருப்பதே அவ்வளவு காற்றுதான், ஊசி எங்கிருந்து 30க்குப் போகும்? உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தை நேரடியாகக் காட்டும் மைக்ரான் கேஜ் வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை.

கேத்தி_காளான் | டிசம்பர் 10, காலை 7:30

அண்ணா, அப்படியென்றால் முதலில் பொருத்தியபோதே கம்மியா? புது மிஷின் ஆயிற்றே.

கொடை_வாத்தியார் | டிசம்பர் 10, காலை 11:05

பாலிடெக்னிக்கில் ரெஃப்ரிஜரேஷன் எடுத்து ஓய்வு பெற்றவன். கேத்தி அம்மாவின் முதல் கேள்வியை யாரும் தள்ளிவிட வேண்டாம். சூடுக்கும் குளிருக்கும் தேவைப்படும் அளவு வேறுபடுவது உண்மைதான்.

எடையெல்லாம் திரவத்தில்தான் இருக்கிறது. 40 டிகிரியில் ஒரு லிட்டர் இடத்தில் ஆர்-32 திரவமாக இருந்தால் ஏறக்குறைய 890 கிராம், ஆவியாக இருந்தால் 70 கிராம் சொச்சம். பன்னிரண்டு மடங்கு. எனவே எந்தக் காயில் கண்டென்சராக (கேஸைத் திரவமாக்கும் காயிலாக) வேலை செய்கிறதோ, அதுதான் கேஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிர் மோடில் அது அவுட்டோர் காயில், பெரியது. சூடு மோடில் இன்டோர் காயில், சிறியது. பெரிய அண்டாவிலிருந்து சின்னக் குண்டானுக்கு மாற்றினால் மிச்சம் வரத்தானே செய்யும்? அந்த மிச்சத்தை எங்கேயாவது நிறுத்தி வைக்க வேண்டும்.

குளிர் நாடுகளில் வீடு முழுவதற்கும் டக்ட் வழியாகச் சூடு கொடுக்கும் பெரிய ஹீட் பம்புகளில் இதற்கென்றே சார்ஜ் காம்பன்சேட்டர் என்று ஒரு இரும்புக் குடுவை இருக்கும். வகுப்பில் நான் ரசித்துச் சொல்லித்தரும் பாகம் அது. அவுட்டோர் காயிலுக்கும் ஃபோர் வே வால்வுக்கும் நடுவிலுள்ள பெரிய பைப் அந்தக் குடுவைக்கு உள்ளே புகுந்து வெளியே வரும். இரண்டின் கேஸும் ஒன்றோடொன்று கலக்காது. குடுவையின் அடியிலிருந்து ஒரு சின்னக் குழாய் லிக்விட் லைனோடு சேரும், அவ்வளவுதான். சூடு மோடில் நடுவே போகும் பைப் ஐஸாகக் குளிர்ந்திருக்கும். லிக்விட் லைனிலிருந்து கேஸ் வந்து குடுவையில் குளிர்ந்து திரவமாகத் தங்கிவிடும். குளிர் மோடுக்கு மாற்றினால் அதே பைப்பில் கம்ப்ரசரின் சூடான கேஸ் ஓடும். தங்கியிருந்தது கொதித்து வெளியே போய்விடும். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. பைப்பின் சூடே வால்வு மாதிரி வேலை செய்கிறது.

மஞ்சூர்_தம்பி | டிசம்பர் 10, மதியம் 1:20

சார், நம் ஊர் ஸ்பிளிட்டில் அந்தக் குடுவையை நான் பார்த்ததே இல்லையே. கம்ப்ரசர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன பாட்டில்தானா அது? ஐடிஐயில் ஒரு பழைய ரோட்டரியின் பாட்டிலை கிரைண்டரில் நீளவாக்கில் வெட்டிப் பார்த்தேன். மேலே ஒரு வலை. நடுவில் நிமிர்ந்த குழாய், அதன் வாய் பாட்டிலின் முக்கால் உயரத்தில். குழாயின் அடிப்பக்கம் குண்டூசி போகிற அளவு ஒரு ஓட்டை. அந்த ஓட்டை எதற்கு என்று வாத்தியாரிடம் கேட்டேன், "டெஸ்டில் வராது" என்றுவிட்டார் 😄

கொடை_வாத்தியார் | டிசம்பர் 10, மதியம் 2:02

கேஸை முழுக்க எடுத்துவிட்டுத்தானே வெட்டினாய் தம்பி? உள்ளே இருக்கும் ஆயில் தீப்பிடிக்கும். அடுத்த முறை கைரம்பம் எடுத்துக்கொள்.

நீ வெட்டியது அக்யுமுலேட்டர். அது காம்பன்சேட்டர் ஆகாது, ஆனால் மிச்சத்தைத் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. ஆவியாகாமல் திரும்பி வரும் திரவம் பாட்டிலின் அடியில் தங்கும், ஆவி மட்டும் குழாயின் வாய் வழியாகக் கம்ப்ரசருக்குப் போகும். திரவத்தோடு ஆயிலும் அடியில் மாட்டிக்கொள்ளுமல்லவா? அதைச் சொட்டுச் சொட்டாகக் கம்ப்ரசருக்கு அனுப்பத்தான் அந்த ஓட்டை. பெரிய மிஷின்களில் நிமிர்ந்த குழாய்க்குப் பதில் யூ மாதிரி வளைந்த குழாய் இருக்கும், ஓட்டை வளைவின் அடியில்.

ஒன்றைக் கவனி. மிச்சம் அக்யுமுலேட்டருக்குப் போய்ச் சேருமா என்பதை திரவத்தின் அழுத்தத்தை இறக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு தீர்மானிக்கிறது. அதற்குப் பதில் கேபிலரி என்ற மெல்லிய குழாய் போட்ட மலிவு மிஷினில் கேஸ் தன்பாட்டுக்கு ஓடிவரும், மிச்சம் பாட்டிலில் நிற்கும். சூப்பர்ஹீட்டை (ஆவியான பிறகு கேஸில் ஏறும் கூடுதல் சூட்டை) பார்த்துத் திறக்கும் வால்வு இருந்தால் அது வழிவிடாது. மிச்சம் கண்டென்சரிலேயே தேங்கி, அழுத்தத்தை ஏற்றிவிடும். சில்லர் போன்ற பெரிய மிஷின்களில் இரண்டு எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு நடுவே ரிசீவர் வைத்து, எந்தப் பக்கம் ஓடினாலும் மிச்சம் அதில் நிற்கும்படி செய்திருப்பார்கள்.

இன்னொன்று: அவுட்டோரில் மைக்ரோசேனல் அலுமினியக் காயில் போட்ட மிஷின்களில் கதை தலைகீழாகும். அந்தக் காயிலின் உள்கொள்ளளவு மிகச் சிறியது, எனவே குளிர் மோடில்தான் மிச்சம் வரும்.

பீளமேடு_கூலிங் | டிசம்பர் 10, மாலை 6:15

வாத்தியார் சொல்வது புத்தகத்துக்குச் சரி. ஆனால் அவர் கணக்குப்படி சூடுக்குக் கேஸ் கம்மியாகத்தானே வேண்டும்? அருவங்காடு அண்ணன் ஜனவரியில் சூடு வராததற்குக் கேஸ் கம்மி காரணம் என்கிறார். இரண்டில் எது சரி?

அருவங்காடு_ஏசி | டிசம்பர் 10, இரவு 9:30

நல்ல கேள்வி தம்பி. பதில் கால் இஞ்ச் பைப்பில் இருக்கிறது.

வாத்தியார் சொன்னது டக்ட் மிஷின். அதில் இரண்டு பக்கமும் வால்வு உண்டு, லிக்விட் லைனில் எந்த மோடிலும் திரவம்தான். நம் இன்வெர்ட்டர் ஸ்பிளிட்டில் எலக்ட்ரானிக் எக்ஸ்பான்ஷன் வால்வு ஒன்றே ஒன்று, அதுவும் அவுட்டோருக்கு உள்ளே. குளிர் மோடில் கேஸ் அங்கேயே அழுத்தம் இறங்கி, பாதி நுரையாகத்தான் கால் இஞ்ச் பைப்பில் வருகிறது. அதனால்தான் ஸ்பிளிட்டில் இரண்டு பைப்புக்கும் இன்சுலேஷன் போடுகிறோம். சூடு மோடில் இன்டோரில் திரவமானது அதே பைப் வழியாக, வால்வைப் பார்த்துத் திரும்பிப் போகிறது. பைப் முழுக்கத் திரவம், நுரையே இல்லை.

கால் இஞ்ச் பைப்பின் உள்விட்டம் பெரும்பாலும் 4.75 மில்லிமீட்டர். ஒரு மீட்டருக்கு 17, 18 மில்லி பிடிக்கும், திரவம் என்றால் 16, 17 கிராம். பத்து மீட்டருக்கு மேல் இழுத்தால் சூடு மோடில் பைப் மட்டுமே 170 கிராமை விழுங்கும். குளிர் மோடில் அதே பைப்பில் 50 கிராம்கூட நிற்காது. நம் ஸ்பிளிட்டில் காம்பன்சேட்டர் தனியாக இல்லை, அந்த வேலையைப் பைப்பே பார்க்கிறது. பைப் குட்டையாக இருந்தால் சூடில் மிச்சம் வரும், நீளமாக இருந்தால் பற்றாக்குறை வரும்.

அக்கா, உங்கள் பைப் எத்தனை மீட்டர்? அவுட்டோர் லேபிளில் எத்தனை கிலோ போட்டிருக்கிறது?

லவ்டேல்_ஹோம்ஸ்டே | டிசம்பர் 10, இரவு 9:52

நடுவில் ஒரு சந்தேகம். டிஃப்ராஸ்டில் அவுட்டோரிலிருந்து புகையாக வருகிறதே, அது இதோடு சம்பந்தப்பட்டதா? போன வாரம் காலை ஆறு மணிக்கு விருந்தாளி ஒருவர் "தீ, தீ" என்று கத்திக்கொண்டு வேட்டியோடு ரோட்டுக்கு ஓடிவிட்டார்.

அருவங்காடு_ஏசி | டிசம்பர் 10, இரவு 10:05

அது நீராவி, பயப்பட வேண்டாம். டிஃப்ராஸ்டில் மிஷின் சில நிமிஷம் குளிர் மோடுக்குத் திரும்பி, சூடான கேஸை அவுட்டோருக்கு அனுப்பிப் பனியை உருக்கும். அந்த நேரம் இன்டோர் ஃபேன் நிற்கும். நாம் பேசுவதோடு சம்பந்தம் உண்டு: திரும்பும் ஒவ்வொரு தடவையும் இன்டோரில் தேங்கிய திரவம் திடீரென்று உறிஞ்சும் பக்கமாகி, நேரே அக்யுமுலேட்டருக்குள் வந்து விழும். திரும்பவும் சூடுக்குப் போகும்போது அவுட்டோரிலிருந்து வந்து விழும். கேஸ் ஓவராக இருந்தால் பாட்டில் நிரம்பி கம்ப்ரசருக்குள் திரவம் போகும். அக்கா சொன்ன குடம் சத்தம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

இங்கே காற்று அடர்த்தியும் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் காயிலுக்குக் கிடைக்கும் சூடு கம்மி, அதனால் பனி சீக்கிரம் கட்டும், டிஃப்ராஸ்டும் அடிக்கடி வரும்.

கேத்தி_காளான் | டிசம்பர் 11, காலை 8:10

காலையில் டேப் வைத்து அளந்தேன். 13 மீட்டர்! கொட்டகையின் முன்பக்கம் காட்டெருமை வரும் வழி. போன வருடம் பக்கத்துத் தோட்டத்தில் ஒன்று அவுட்டோரில் முதுகைச் சொறிந்து பைப்பையே வளைத்துவிட்டது. அதனால் பின்சுவரில் உயரமாக மாட்டச் சொன்னேன், பைப் சுற்றி வருகிறது.

லேபிளில் 1.05 கிலோ. அதற்குக் கீழே பொடி எழுத்தில் 5 மீட்டர் வரை, அதற்கு மேல் மீட்டருக்கு 20 கிராம் என்று இருக்கிறது. பொருத்த வந்தவர்கள் சிலிண்டரே கொண்டுவரவில்லை, அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அருவங்காடு_ஏசி | டிசம்பர் 11, காலை 8:25

முடிச்சு அவிழ்ந்தது. 8 மீட்டர் அதிகம், 8 இருபது 160. உங்கள் மிஷினுக்கு 1.21 கிலோ வேண்டும், முதல் நாளிலிருந்தே 160 கிராம் கம்மி. அது கண்ணுக்குத் தெரிந்தது சூடு மோடில், ஏனென்றால் திரவத்தால் நிரம்ப வேண்டிய பைப் அப்போதுதான் நிரம்பாமல் நின்றது. ஏப்ரலில் ஐஸ் கட்டியது ஜனவரியில் திறந்துவிட்டதன் பலன்.

இப்போது ஏன் ஓவர் என்று நினைக்கிறேன் என்றால்: ஏப்ரலில் கேஸ் போட்டபோது காயிலில் ஐஸ் இருந்ததா, உருக்கிவிட்டுப் போட்டாரா?

கேத்தி_காளான் | டிசம்பர் 11, காலை 8:40

ஐஸோடுதான் போட்டார். மாலை ஐந்து மணி, லேசான மழை. கேஜில் 130 வரும்வரை விட்டுக்கொண்டே இருந்தார்.

பீளமேடு_கூலிங் | டிசம்பர் 11, காலை 9:15

சரி, இதில் நான் பின்வாங்குகிறேன். ஐஸ் கட்டினால் காற்று போகாது, லோ சைடு தானாக இறங்கும். அதை 130க்கு ஏற்ற வேண்டுமென்றால் நிறைய போக வேண்டும். எங்கள் ஊரில் வெளியே 35 டிகிரி வெயிலில் அந்த நம்பர் சரியாக வரும். மழையில் 18 டிகிரி என்றால், அதுவும் வேகம் மாறிக்கொண்டே இருக்கும் இன்வெர்ட்டரில், வராது.

அருவங்காடு_ஏசி | டிசம்பர் 11, காலை 9:40

அதேதான் தம்பி. டிசம்பரில் இங்கே குளிர் மோடில் ஓட்டி ப்ரஷர் பார்க்கவும் முடியாது. ரெக்கவரி மிஷின் போட்டு முழுக்க எடுத்து, எடை பார்த்து, வேக்குவம் போட்டு, தராசில் வைத்து 1.21 அடைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது. ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் வகை, காற்றைவிடக் கனம், மூடிய கொட்டகைக்குள் திறந்துவிட்டால் தரையோடு தேங்கும். எடுப்பதை வெளியே, அவுட்டோர் பக்கம் வைத்துச் செய்கிறவராகப் பாருங்கள். அதுவரை சூடு மோடில் ஓட்டாதீர்கள்.

கொடை_வாத்தியார் | டிசம்பர் 11, காலை 10:30

கேஜ் இல்லாமலும் ஒரு வழி உண்டு, உறைபனிக் காலத்தில் மட்டும். டிஃப்ராஸ்ட் வருவதற்குச் சற்று முன் அவுட்டோர் காயிலின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ் சரியாக இருந்தால் மல்லுத்துணி விரித்தாற்போலக் காயில் முழுக்க ஒரே சீராக வெள்ளை படிந்திருக்கும். கம்மி என்றால் கேஸ் நுழையும் சில வரிசைகளில் மட்டும் தடித்த பனி, மீதி இடம் கறுப்பாக ஈரம்கூட இல்லாமல் இருக்கும். ஓவர் என்றால் இதில் தெரியாது, அதற்குத் தராசுதான்.

கேத்தி_காளான் | டிசம்பர் 20, இரவு 8:45

இன்று வேலை முடிந்தது. குன்னூரிலிருந்து தராசும் ரெக்கவரி மிஷினும் வைத்திருக்கும் ஒருவர் வந்தார். குளிரில் சிலிண்டருக்குக் கேஸ் ஏறவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. எடை: 1.46 கிலோ! 250 கிராம் அதிகம். ஜனவரியில் "ஓவர்" என்றவர் இன்றைக்கு வந்திருந்தால் சரியாகச் சொல்லியிருப்பார்.

வேக்குவத்தில் ஊசி 23ஐத் தாண்டவில்லை, நானே "அது அப்படித்தான்" என்று சொன்னேன், அவர் சிரித்தார். மைக்ரான் கேஜில் 500க்குக் கீழே இறங்கி அரை மணி நேரம் அப்படியே நின்றது. பிறகு சிலிண்டரைத் தராசில் வைத்து 1.21.

கம்போஸ்டில் குத்தும் நீளத் தெர்மாமீட்டரை இன்டோர் வாயில் பிடித்தேன். போன ஜனவரியில் நோட்டில் எழுதி வைத்திருந்தது 29. இன்று 41. டிஃப்ராஸ்ட் இரண்டு தடவை வந்தது, ஷ்ஷ் என்று வால்வு திரும்பும் சத்தம் மட்டும்தான், குடம் கவிழவில்லை.

மஞ்சூர்_தம்பி | டிசம்பர் 20, இரவு 9:10

அக்கா, இந்த அளவை மிஷின் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள். அடுத்து யார் வந்தாலும் முதலில் கேஜைத்தான் எடுப்பார்கள்.

கேத்தி_காளான் | டிசம்பர் 20, இரவு 9:18

எழுதியாயிற்று தம்பி. அவுட்டோர் மூடியின் உள்பக்கம், மார்க்கரில்: "13 மீட்டர். 1210 கிராம். சூடு ஓடும்போது கேஜ் மாட்டாதே." கடைசி வரியை மட்டும் வெளிப்பக்கமும் எழுதியிருக்கிறேன், கொஞ்சம் பெரிதாக.